மின்கார் எப்போது மலிவாகும்? வகுப்பறையில் ஒரு நேர்கோட்டுக் கணக்கு

"சார், கரண்ட் கார் பெட்ரோல் கார் விலைக்கு எப்போது வரும்?" ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது. இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடுகளை அன்று வரைபட முறையில் தீர்த்துக்கொண்டிருந்தோம். பாடத்துக்கு வெளியே போன கேள்வி போலத் தோன்றினாலும், உண்மையில் அது பாடத்தின் நடுவே நிற்கும் கேள்வி.

நான் குப்பனூரில் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் இரு மலைப்பாதைகளில் ஒன்று எங்கள் ஊர் வழியாக ஏறுகிறது. எங்கள் மாணவர்களில் பலரின் வீட்டில் ஆட்டோவோ குட்டி யானையோதான் சோறு போடுகிறது. எனவே இந்தக் கேள்விக்கான விடை அவர்களுக்கு வெறும் பொது அறிவு அன்று.

விலை வேறு, செலவு வேறு

முதலில் மாணவர்களுக்கு இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஷோரூமில் கொடுப்பது விலை. வாங்கிய பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொடுப்பது ஓட்டும் செலவு. பெட்ரோல் காரில் முதலாவது குறைவு, இரண்டாவது அதிகம். மின்காரில் இது தலைகீழ்.

y = mx + c என்ற சமன்பாட்டில் இதை அப்படியே வைக்கலாம். c என்பது வாங்கும் விலை. M என்பது கிலோமீட்டருக்கு ஆகும் செலவு. X என்பது ஓடிய தூரம். Y என்பது மொத்தச் செலவு. பெட்ரோல் காரின் கோடு கீழே தொடங்கிச் செங்குத்தாக ஏறும். மின்காரின் கோடு மேலே தொடங்கிச் சாய்வு குறைந்து செல்லும். இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். "மின்கார் எப்போது மலிவாகும்?" என்ற கேள்விக்கு விடை அந்த வெட்டுப்புள்ளியே.

மேலே தொடங்கும் கோடு ஏன் இறங்கி வருகிறது?

மின்காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கு. ஒரு யூனிட் மின்சாரத்தை, அதாவது ஒரு கிலோவாட் மணியைச் சேமிக்கும் லித்தியம் அயனி பேட்டரித் தொகுதியின் சராசரி விலை 2010இல் 1000 டாலருக்கும் மேல் இருந்தது. புளூம்பெர்க் நியூ எனர்ஜி ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கணக்கெடுப்பின்படி 2024இல் அது 115 டாலர். 30 யூனிட் பேட்டரி கொண்ட ஒரு காரை எண்ணிப் பாருங்கள். ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் அன்று பேட்டரிக்கு மட்டும் 25 லட்சம் ரூபாய்க்கு மேல். 2024இல் சுமார் 2.9 லட்சம் ரூபாய்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. உற்பத்தி பெருகப் பெருகத் தொழிற்சாலைகள் ஒவ்வொரு படியிலும் வீணாவதைக் குறைக்கக் கற்றுக்கொண்டன. அடுத்து, விலையுயர்ந்த நிக்கல், கோபால்ட் ஆகியவற்றுக்குப் பதிலாக இரும்பையும் பாஸ்பேட்டையும் கொண்ட பேட்டரிகள் பரவலாகின. 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஜான் குட்இனஃபின் ஆய்வகத்தில்தான் 1990களில் இந்த இரும்புப் பாஸ்பேட் வகை உருவானது.

ஒரே கார், மூன்று விலைகள்

நம் நாட்டில் ஒரே உடலமைப்பில் பெட்ரோலாகவும் மின்சாரத்திலும் கிடைக்கும் டாடா நெக்ஸான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020 ஜனவரியில் அதன் பெட்ரோல் வகை 6.95 லட்சத்தில் தொடங்கியது, மின்கார் 13.99 லட்சத்தில். ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2024 செப்டம்பரில் மின்கார் 12.49 லட்சத்துக்கு இறங்கியது. பெட்ரோல் வகை 7.99 லட்சம். இடைவெளி 7 லட்சத்திலிருந்து 4.5 லட்சமாகக் குறைந்தது.

அடுத்து நடந்ததுதான் மாணவர்களைச் சிந்திக்க வைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி, கூடுதல் வரியையும் சேர்த்து 29 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. மின்கார்களுக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே ஜி.எஸ்.டி. 5 விழுக்காடுதான், அதில் மாற்றமில்லை. பெட்ரோல் நெக்ஸானின் தொடக்க விலை சுமார் 7.3 லட்சத்துக்கு வந்தது. பேட்டரி குறைத்த இடைவெளியில் ஒரு பகுதியை வரி மீண்டும் திறந்துவிட்டது.

தொடக்க வகை மின்காரில் வசதிகள் சற்றுக் கூடுதல் என்பதால் இது துல்லியமான ஒப்பீடு அன்று. ஆனாலும் ஒன்று புலப்படுகிறது. இரு கோடுகள் எங்கே தொடங்கும் என்பதை ஆய்வகம் மட்டுமன்றி வரிக்கொள்கையும் முடிவு செய்கிறது. நார்வே பல ஆண்டுகளாகப் பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கடும் வரி விதித்து, மின்கார்களுக்குப் பெருஞ்சலுகை அளித்தது. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 விழுக்காடு மின்கார்கள். பேட்டரித் தொழிலில் முன்னணியில் உள்ள சீனாவில் 2024இல் விற்ற மின்கார்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதே தர பெட்ரோல் கார்களைவிட விலை குறைவு என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கூறுகிறது.

இந்தியாவில் பெட்ரோல் கார்கள் ஏற்கெனவே உலக அளவில் மலிவானவை. பேட்டரிக்கான மின்கலங்களில் பெரும்பாலானவை இறக்குமதியாகின்றன. அதனால் வெளிநாடுகளில் விலை சமமாகும்போது இங்கும் உடனே சமமாகிவிடும் என்று சொல்ல முடியாது.

வெட்டுப்புள்ளியைக் காண்போம்

இனி கணக்கு. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், லிட்டருக்கு 15 கி.மீ. என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 6.80 ரூபாய். மின்சாரம் யூனிட் 8 ரூபாய், யூனிட்டுக்கு 7 கி.மீ. எனில் சுமார் 1.20 ரூபாய். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மிச்சம் 5.60 ரூபாய்.

விலை வேறுபாடு 12.5 – 7.3 = 5.2 லட்சம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 விழுக்காடு. பெட்ரோல் காருக்குச் சுமார் 95,000 ரூபாய். 2023 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 2025 இறுதி வரை மின்வாகனங்களுக்கு இவ்வரியில் முழு விலக்கு அறிவித்தது. விலக்கு இருந்தால் வேறுபாடு 4.25 லட்சம். 4,25,000 ÷ 5.6 = ஏறத்தாழ 76,000 கி.மீ. இதுவே வெட்டுப்புள்ளி.

விலக்கு இல்லாமல், 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குரிய 18 விழுக்காட்டைக் கட்டினால்? வேறுபாடு 6.5 லட்சமாகும், வெட்டுப்புள்ளி 1,16,000 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகும்.

பள்ளிக்கு நாள்தோறும் போய்வர 40 கி.மீ., ஆண்டுக்கு 220 வேலைநாட்கள் என்று கொண்டால் என் பயணம் 8,800 கி.மீ. விலக்கு இருந்தாலும் 76,000ஐ எட்ட எட்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கூடுதல் 5 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுத் தவணையாகக் கட்டினால் வட்டி மட்டும் சுமார் 1.75 லட்சம். பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு உத்தரவாதம்தான் தருகிறார்கள். ஆக, என்னைப் போன்றவருக்கு இன்றைய விலையில் மின்கார் லாபமில்லை.

நாளொன்றுக்கு 150 கி.மீ. வீதம் 300 நாட்கள் ஓடும் காரோ ஆண்டுக்கு 45,000 கி.மீ. ஓடுகிறது. 76,000ஐ அது இருபது மாதங்களில் கடந்துவிடும்.

ஸ்கூட்டரில் விடை மாறுகிறது. பேட்டரி சிறியது என்பதால் விலை வேறுபாடும் சிறியது. 20,000 ரூபாய் என்று கொள்வோம். கிலோமீட்டருக்குச் சுமார் 2 ரூபாய் மிச்சமாகும். 10,000 கிலோமீட்டரில் கோடுகள் வெட்டிக்கொள்ளும். எனக்கு அது ஓராண்டுக்குச் சற்று மேல். மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் தொழிற்சாலைகள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் பெருகியதற்கும், நாட்டில் விற்கும் மூன்று சக்கர வாகனங்களில் பாதிக்கும் மேல் இன்று மின்சாரத்தில் ஓடுவதற்கும் காரணம் இந்தக் கணக்குதான். சிறிய பேட்டரியும் நீண்ட தினசரி ஓட்டமும் சேரும் இடத்தில் வெட்டுப்புள்ளி முதலில் வருகிறது.

எங்கள் மலை சொல்லும் அறிவியல்

அறிவியல் ஆசிரியர்கள் இதே பாடத்தை நிலையாற்றலுடன் இணைக்கலாம். 1500 கிலோ எடையுள்ள மின்கார் 1000 மீட்டர் உயரம் ஏறுகிறது. mgh = 1500 × 9.8 × 1000 = 147 லட்சம் ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் என்பதால் இது ஏறத்தாழ 4 யூனிட். இழப்புகளையும் சேர்த்து 5 யூனிட் என்றால் 40 ரூபாய்.

பெட்ரோல் கார் எடை குறைவு. 1300 கிலோ எனில் 3.5 யூனிட் போதும். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சுமார் 9 யூனிட் ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வரும். எனவே ஏறத்தாழ 1.6 லிட்டர், 160 ரூபாய். இறங்கும்போது பெட்ரோல் காரின் நிலையாற்றல் பிரேக்கில் வெப்பமாக வீணாகிறது. மின்காரிலோ மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏற்காட்டில் பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் அந்த ஆற்றலைச் சேமிக்க இடமிருக்காது. ஏன் என்று மாணவர்களையே கேட்டுப் பாருங்கள்.

லாபம் யாருக்குக் கிடைக்கிறது?

அதிகம் ஓட்டுபவருக்கே அதிக லாபம் என்றால் ஆட்டோ, சரக்கு வண்டி ஓட்டுநர்களே முதலில் பயன்பெற வேண்டும். ஆனால் அவர்களுக்குத்தான் கடன் மிக விலையுயர்ந்தது. மின் ஆட்டோவுக்குக் கூடுதலாக 1 லட்சம் தேவை, ஆண்டில் 78,000 ரூபாய் எரிபொருள் செலவு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு வட்டியில் வங்கிக் கடன் கிடைத்தால் மிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் வட்டிக்குப் போகும். வெளியில் மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 24,000. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே ஓட்டம். ஆனால் கடன் கிடைக்கும் இடத்தைப் பொறுத்துக் குடும்பத்தின் கையில் நிற்பது மாறுகிறது. வட்டிக் கணக்கு வாழ்க்கைக்கு ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எடுத்துக்காட்டை நான் பாடநூலுக்கு வெளியே கண்டதில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வாகனத்தைக் கொடுங்கள்: ஸ்கூட்டர், ஆட்டோ, குட்டி யானை, சொந்தக் கார். அதை ஓட்டும் ஒருவரிடம் தினசரி தூரத்தையும் எரிபொருள் செலவையும் கேட்டு வரட்டும். வரைபடத்தாளில் இரு கோடுகளை வரைந்து வெட்டுப்புள்ளியைக் காணட்டும். பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பெட்ரோல் 10 ரூபாய் ஏறினால்? சாலை வரி விலக்கு நின்றால்? வீட்டில் சார்ஜ் செய்யாமல், யூனிட்டுக்கு இரு மடங்கு கட்டணம் உள்ள பொது நிலையத்தில் சார்ஜ் செய்தால்? எந்த மாற்றம் கோட்டின் சாய்வைத் தொடுகிறது, எது வெட்டுத்துண்டைத் தொடுகிறது என்று அவர்களே வகைப்படுத்தட்டும்.

குழுக்களின் விடைகள் ஒன்றுபோல் இருக்காது. அவற்றைக் கரும்பலகையில் அருகருகே எழுதி வைத்து, ஏன் வேறுபடுகின்றன என்று விவாதிக்க அடுத்த பாடவேளையை ஒதுக்குங்கள்.