ஒரு சதுரத்துக்குள் எவ்வளவு கண்டல்?

மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக் குடா, உப்பாறு, தம்பலகாமக் குடா என்று திருகோணமலையில் கண்டல் நிற்கும் கரைகளை, போர்க்காலத்தில் நிலத்தில் நின்று அளப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. லாண்ட்சாட் செய்மதிகளுக்கோ சோதனைச்சாவடி கிடையாது. 1972இல் தொடங்கிய அந்த வரிசை, 1982 முதல் தரையை 30 மீற்றர் சதுரங்களாகப் பதிந்தது. 2008இல் அந்தப் படக் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இடையிடையே படமில்லாத காலங்கள் உண்டுதான். ஆனாலும் இன்றைய காட்டைக் காட்டுவதைவிட, அதே சதுரம் முன்பு எப்படி இருந்தது என்று காட்டுவதில்தான் செய்மதியின் பெறுமதி இருக்கிறது.

உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பச்சையின் அடர்த்தி எண்ணாகக் கிடைக்கும். வயலும் பற்றைக்காடும் கூடப் பச்சைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடைக்காலத்தில் மேகம் மூடிவிடும் என்பதால் மட்டுமல்ல, இதற்காகவும்தான் கச்சான் வீசும் மாதங்களின் படங்களைத் தேடி எடுக்கிறார்கள். அப்போது புல்லும் பற்றையும் காய்ந்து மங்கும். கண்டல் பச்சையாகவே நிற்கும். அதன் அடியிலுள்ள ஈரச் சேறு குற்றலை அகச்சிவப்பை விழுங்குவதும் இன்னோர் அடையாளம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், களப்போரக் கண்டல் பல இடங்களில் ஒடுங்கிய வரிசை என்பது. 10 மீற்றர் அகல வரிசை, 900 சதுர மீற்றர் சதுரத்தில் மூன்றிலொரு பங்கைத்தான் பிடிக்கும்; மீதி தண்ணீரானால், கணினி முழுவதையும் தண்ணீர் என்றே எழுதிவிடக்கூடும். 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2 செய்மதி 10 மீற்றர் சதுரத்தில் படமெடுப்பதால் இன்றைய கணக்கு திருந்தியிருக்கிறது. பழைய படங்களைத் திருத்த முடியாது. ஆகவே ஓரிரு வீத ஏற்ற இறக்கத்தை நம்பக் கூடாது என்பேன். ஒரு கண்டல் திட்டு இறால் பண்ணையாக மாறியதை நம்பலாம்.

நட்ட கன்றுகளையே எண்ணினால் போதாதா? 2004 சுனாமிக்குப் பின் நாடெங்கும் கண்டல் நட்டார்கள். 23 இடங்களைப் பார்த்து 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நட்ட ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டேரில் தேறியது ஏறத்தாழ 200. ஒன்பது இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெள்ளமட்டம் பொருந்தாத இடத்தில் நட்டதும், மாடு மேய்ந்ததும், நட்டபின் பராமரிக்காததும் காரணங்கள். முழங்கால் உயரக் கன்று செய்மதிக்குத் தெரியாது, உண்மை. ஆனால் பத்தாண்டு கழிந்தும் சதுரம் பச்சைக்கு மாறவில்லையென்றால், அங்கே நிற்கும் பெயர்ப்பலகை என்ன சொன்னாலும் காடு வரவில்லை. வந்த பச்சை கண்ணா மரமா தில்லை மரமா என்பதைத் தோணியில் போய்த்தான் பார்க்க வேண்டும்.