உக்கிராணச் சாவி யார் கையில்?

கல்யாண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று உண்டு. அரிசி, பருப்பு, நெய் டின், வெள்ளிப் பாத்திரங்கள், சீர்வரிசை எல்லாம் அங்கேதான் இருக்கும். அதன் சாவி வீட்டுப் பெரியவர் ஒருவரின் இடுப்பில் தொங்கும். பந்தி பரிமாறுகிறவர் நெய் வேண்டும் என்றால், பெரியவர் எழுந்து போய்க் கதவைத் திறப்பார். வேண்டியதை எடுத்துக் கொடுப்பார். பூட்டிவிட்டுத் திரும்ப வந்து உட்காருவார். "அடிக்கடி எழுந்திருக்க முடியவில்லை, நீயே வைத்துக்கொள்" என்று சாவிக்கொத்தைப் பரிமாறுகிறவரிடம் ஒருநாளும் கொடுக்கமாட்டார். பரிமாறுகிறவர் திருடர் என்பதனால் அல்ல. அத்தனை கூட்டத்தில் அவர் கையிலுள்ள சாவி வேறு யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது என்பதனால்தான்.

இந்தச் சின்ன நியதியை நான் மறந்ததனால் நம் சங்க நூலகக் கணிப்பொறியில் ஒரு பெரிய சங்கடம் நேர்ந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டால், கணிப்பொறித் துறையில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும், அவர்கள் என்னதான் வேலை செய்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

நூலகத்தில் உள்ள பழைய கணிப்பொறியில் லினக்ஸ் இயங்குகிறது. புத்தகம் கொடுத்து வாங்கும் கணக்கு, உறுப்பினர் முகவரிகள், வரன் தேடும் குடும்பங்கள் நம்பிக்கையுடன் கொடுத்த ஜாதகங்கள் ஆகிய எல்லாம் அதில் இருந்தன. புத்தகக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் மட்டும் 'நூலகம்' என்ற தனிப் பயனாளரின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கோடையில் மின்சாரம் போய் வந்தது. கணிப்பொறி எழுந்தது, புரோகிராம் எழவில்லை. 'ரன்' என்ற டைரக்டரிக்குள் 'நூலகம்' என்ற உள் டைரக்டரி இல்லை, அதை உண்டாக்க அனுமதியும் இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. நான் அவசரத்தில் சேவைக் கோப்பைத் திறந்து, பயனாளர் பெயர் இருந்த வரியில் 'நூலகம்' என்பதை அழித்துவிட்டு 'ரூட்' என்று எழுதினேன். புரோகிராம் உடனே ஓடியது. எனக்கும் பெருமையாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, பழைய தற்காலிகக் கோப்புகளை நீக்கும் பகுதியில் யாரோ இடத்தின் பெயரைத் தவறாகக் குறித்துவிட்டார்கள். 'நூலகம்' என்ற பயனாளராக இருந்திருந்தால் "அனுமதி இல்லை" என்று ஒரு வரி வந்து, காரியம் அத்தோடு நின்றிருக்கும். ரூட்டைத் தடுப்பார் யார்? உறுப்பினர் பட்டியலும் ஜாதகங்களும் ஒரே இரவில் போயின. ஒரு பென் டிரைவில் மூன்று மாதப் பழைய பிரதி இருந்தது. மீதியை ரசீதுப் புத்தகங்களைப் பார்த்து நானும் என் மனைவியும் பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். ஜாதகங்களை மறுபடி கேட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போனபோது நான் பட்ட கூச்சம் கொஞ்சமல்ல.

ரூட் என்பவர் யார்?

யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு பயனாளருக்கும் ஓர் எண் உண்டு. 0 என்ற எண்ணுக்குரியவர் ரூட். கோப்பு அனுமதிகள் மற்றவர்களைக் கட்டுப்படுத்துவதுபோல் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸும் இதே வழக்கத்தைப் பின்பற்றுகிறது.

கணிப்பொறி எழுந்ததும் எந்தெந்தச் சேவையை எந்த வரிசையில் தொடங்குவது என்று கவனிக்கப் பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இப்போது 'சிஸ்டம்டி' என்ற அமைப்பு இருக்கிறது. 2010-இல் அறிமுகமான இது, 2015-க்குள் ஃபெடோரா, ரெட் ஹாட், டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இயல்பான அமைப்பாகிவிட்டது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு கோப்பு. அதில் நமக்கு வேண்டியவை மூன்று வரிகள். 'யூசர்' என்ற வரி, சேவை யார் பெயரில் ஓட வேண்டும் என்று சொல்கிறது. 'எக்ஸெக்ஸ்டார்ட்' என்ற வரி, ஓட வேண்டிய புரோகிராமைச் சொல்கிறது. 'எக்ஸெக்ஸ்டார்ட்பிரீ' என்ற வரி, அதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்த வேலையைச் சொல்கிறது. ஆயத்த வேலை தோல்வியுற்றால் முக்கிய புரோகிராம் தொடங்கப்படுவதில்லை.

சிக்கல் எங்கே எழுகிறது? 'ரன்' டைரக்டரி கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில் இருப்பது. ஒவ்வொரு முறை கணிப்பொறி எழும்போதும் அது காலியாகவே தொடங்குகிறது. முன்பு யாரோ கையால் உண்டாக்கி வைத்த உள் டைரக்டரி மின்சாரத்தோடு போய்விட்டது. அதை ஆயத்த வரியில் உண்டாக்கலாம் என்றால், 'யூசர்' வரியின் கட்டுப்பாடு ஆயத்த வரிக்கும் பொருந்தும். சாமானியப் பயனாளரால் 'ரன்' டைரக்டரிக்குள் எதையும் உண்டாக்க முடியாது. பந்தி பரிமாறுகிறவர் பூட்டிய உக்கிராணத்தின் முன் நிற்கும் நிலைதான் இது.

ஒரு கூட்டல் குறி

என் கதையைக் கேட்ட இளைஞர் ஒருவர், நம் உறுப்பினர் ஒருவரின் மகன், சிரித்துக்கொண்டே, "மாமா, ஒரே ஓர் எழுத்து போதுமே" என்றார். ஆயத்த வரியில் கட்டளைக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியை (+) இட்டால், அந்த ஒரு கட்டளை மட்டும் முழு அதிகாரத்துடன், அதாவது ரூட்டாக, ஓடும். அது முடிந்ததும் முக்கிய புரோகிராம் வழக்கம்போல் 'நூலகம்' பெயரில் தொடங்கும். பெரியவர் எழுந்து வந்து, கதவைத் திறந்து, நெய்யைக் கொடுத்துவிட்டுப் பூட்டுவதற்குச் சமம் இது. சிஸ்டம்டியில் இந்த வசதி 2016-இல் வந்தது. அதற்கு முன் 'பெர்மிஷன்ஸ்ஸ்டார்ட்ஒன்லி' என்ற வேறொரு வரியை எழுதுவார்கள். அது முக்கிய புரோகிராமை மட்டும் கட்டுப்படுத்தி, மற்ற எல்லாக் கட்டளைகளுக்கும் மொத்தமாக அதிகாரம் கொடுத்துவிடும். இப்போது அதைக் கைவிடும்படி சொல்லிவிட்டார்கள். பழைய கோப்புகளில் அதைக் கண்டால் கூட்டல் குறிக்கு மாற்றிவிடுவது நல்லது.

"சூடோ என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அதை ஆயத்த வரியில் எழுதினால் என்ன?" என்று கேட்டேன். சூடோ கடவுச்சொல் கேட்கும்; கணிப்பொறி எழும் நேரத்தில் பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? கடவுச்சொல் கேட்காதபடி செய்துவிட்டாலோ, அந்தப் பயனாளர் எப்போது வேண்டுமானாலும் அதே அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். சாவிக்கு ஒரு நகல் செய்து கொடுத்ததாக ஆகும்.

இன்னும் நல்ல வழி

கூட்டல் குறியையும் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அந்த இளைஞர். டைரக்டரி மட்டும்தான் தேவை என்றால் 'ரன்டைம்டைரக்டரி' என்ற வரியில் பெயரை எழுதினால் போதும். சிஸ்டம்டியே 'ரன்' டைரக்டரிக்குள் அதை உண்டாக்கி, 'யூசர்' வரியில் உள்ளவருக்கு உரிமையாக்கி, சேவை நிற்கும்போது நீக்கியும் விடும். நிலையாக இருக்க வேண்டிய தகவல்களுக்கு 'ஸ்டேட்டைரக்டரி' என்று ஒரு வரி உண்டு. 1024-க்குக் கீழ்ப்பட்ட போர்ட் எண்ணில் சேவை காத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் ரூட்டாக ஓட்டுவார்கள். அதற்கும் அந்த ஓர் உரிமையை மட்டும் தரும் வரி இருக்கிறது. இவற்றில் எதற்கும் அடங்காத ஆயத்த வேலைக்கு மட்டுமே கூட்டல் குறி.

அதிலும் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, கூட்டல் குறியிட்ட வரி ஒரு ஸ்கிரிப்ட் கோப்பை அழைத்தால், அந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, வேறு யாரும் திருத்த முடியாத இடத்தில் இருக்க வேண்டும். 'நூலகம்' பயனாளரே திருத்தக்கூடிய இடத்தில் இருந்தால், அந்தப் புரோகிராமைக் கைப்பற்றியவன் ஸ்கிரிப்டில் தனக்கு வேண்டியதை எழுதி வைப்பான். அடுத்த முறை சேவை தொடங்கும்போது அது ரூட்டாக ஓடும்.

இரண்டாவது, சாமானியப் பயனாளர் எழுதக்கூடிய டைரக்டரிக்குள் இருக்கும் அத்தனைக்கும் உரிமையாளரை மாற்றும் கட்டளையை ரூட்டாக ஓட்டுவதும் ஆபத்து. உள்ளே ஒருவன் வேறு கோப்புகளுக்குச் சுட்டிகளை வைத்திருந்தால் உரிமை போகக்கூடாத இடத்துக்குப் போய்விடலாம்.

மூன்றாவது, கோப்பைத் திருத்தியபின் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். பிறகு சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பழைய வரிகளே நடைமுறையில் இருக்கும். "திருத்திவிட்டேனே, ஏன் மாறவில்லை?" என்று நானும் ஒரு மணி நேரம் திகைத்தவன்தான்.

எங்கள் நூலகத்தில் கடைசியில் கூட்டல் குறியே தேவைப்படவில்லை. 'யூசர்' வரியில் 'நூலகம்' திரும்பி வந்தது. அதன் கீழே 'ரன்டைம்டைரக்டரி' வரி ஒன்று சேர்ந்தது. ஜாதகங்கள் அந்தப் புரோகிராமுக்கு எட்டாத வேறு இடத்துக்குப் போயின. வாரம் ஒரு பிரதி வேறொரு வீட்டுக்குப் போகிறது. வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். கணிப்பொறி எழுந்தது, புரோகிராமும் தானே எழுந்தது.

வேலை நடக்கிறது என்பதற்கும் சரியாக நடக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இத்தனை வயதில் ஓர் இளைஞரிடம் கற்றுக்கொண்டேன். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள், பெண்ணின் ஜாதகத்தையும் வீட்டு முகவரியையும் சங்கத்தை நம்பித் தருகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காவல், யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொடுப்பதுதான். உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ ஏதேனும் ஒரு சேவை 'ரூட்' பெயரில் ஓடிக்கொண்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பைத் திறந்து, ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருவரின் அவசரம்தான் காரணமாக இருக்கும்.