பிழையும் அதன் காரணமும்: டெபியன் இயங்குதளம் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். அதன் மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய கட்டளை வரிகளை, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிக்கப்பட்டிருப்பின் அது திறந்த மூல இயங்குதளம் எனப்படுகிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இவ்வகையில் பழமையும் செல்வாக்கும் உடையது. உபுண்டுவும், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் இதன்மேல் கட்டப்பட்டவையாதலால், டெபியனில் நுழையும் ஒரு பிழையும் அங்குச் செய்யப்படும் ஒரு திருத்தமும் அதன் பெயரையே கேள்விப்படாத பயனர்களையும் சென்றடைகின்றன.

டெபியனுக்கு உரிமையாளரான நிறுவனம் எதுவும் இல்லை. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்களே அதை நடத்துகின்றனர். நிறுவுவதற்கேற்ற வடிவில் கட்டித் தரப்படும் மென்பொருள் பொதி எனப்படுகிறது. 2023இல் வெளியான 12ஆம் பதிப்பில் இத்தகைய பொதிகள் 60,000க்கும் மேல் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை டெபியனுக்கு வெளியே இயங்கும் மூல உருவாக்குநர்களால் எழுதப்படுபவை. அவற்றைப் பெற்று, டெபியனுக்கு இசையுமாறு மாற்றி, பயனர்களின் முறையீடுகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு பராமரிப்பாளர் எனப்படும் ஒருவரிடமோ ஒரு குழுவிடமோ விடப்படுகிறது.

இவ்வளவு பரந்த அமைப்பில் பிழைகள் தோன்றுவது இயல்பு என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட டெபியன், 1997இல் வகுத்த தன் சமூக ஒப்பந்தத்தின் மூன்றாம் கூறில், குறைகளை மறைப்பதில்லை என்றும் பிழைப் பதிவேடு முழுவதையும் எந்நேரமும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைப்பது என்றும் உறுதி எடுத்துக்கொண்டது. இயன் ஜாக்சன் உருவாக்கிய அப்பதிவேடு மின்னஞ்சல் வழியாகவே இயங்குவது. பயனர் அனுப்பும் அறிக்கைக்கு ஓர் எண் இடப்பட்டு, அந்த எண்ணுக்கு வரும் மறுமொழிகள் யாவும் ஒரே இழையில் சேர்க்கப்படுவதால், பழுது தீர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் யார் என்ன கேட்டார், எந்தக் காரணத்தால் எந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதைப் படித்தறிய முடிகிறது. 2021இன் இறுதியில் இந்த வரிசை எண் பத்து இலட்சத்தை எட்டியது.

எல்லாப் பிழைகளும் ஒரே எடையுடையன அல்ல என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஏழு கடுமைநிலைகளுள் ஒன்று குறிக்கப்படுகிறது. கணினி முழுவதையும் செயலிழக்கச் செய்வதோ தரவைப் பெருமளவில் அழிப்பதோ உச்ச நிலையிலும், எழுத்துப்பிழை போன்றவை கடைசிக்கு முந்தைய நிலையிலும், புதிய வசதி வேண்டும் என்னும் விருப்பங்கள் கடைசி நிலையிலும் அமைகின்றன. முதல் மூன்று நிலைகள் வெளியீட்டைத் தடுப்பவை. அத்தகைய பிழை ஒன்று தீராதவரை அந்தப் பொதி புதிய பதிப்பில் இடம்பெறுவது அரிது. பராமரிப்பாளர் திருத்தாமல் காலம் கடத்தினால் பிறர் திருத்தலாம், அல்லது பொதியே நீக்கப்படலாம்.

அறிக்கை வந்தவுடன் செய்யவேண்டியது, பழுதை வேறொரு கணினியில் மீண்டும் நிகழ்த்திக் காண்பதாகும். மீண்டும் நிகழாத பழுதின் காரணத்தைத் தேடுவது கடினம் என்பதாலேயே, பொதியின் பதிப்பு எண், செய்த செயல், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு ஆகியவை அறிக்கையில் வற்புறுத்திக் கேட்கப்படுகின்றன. முன்பு சரியாக இயங்கியது புதிய பதிப்பில் கெட்டிருந்தால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்னும் மாற்றப் பதிவுக் கருவி பெரிதும் உதவுகிறது. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையே 10,000 மாற்றங்கள் நடந்திருப்பினும், நடுவிலுள்ள ஒன்றைச் சோதித்து, பழுது அங்கே தென்பட்டால் முற்பாதியிலும் தென்படாவிட்டால் பிற்பாதியிலும் தேடலைக் குறுக்கிக்கொண்டே போனால், ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றவாளியான ஒற்றை மாற்றம் அகப்பட்டுவிடும்.

திருத்தப்பட்ட பொதி நேராகப் பயனரிடம் செல்வதில்லை. முதலில் அது நிலையற்ற கிளைக்குச் செல்கிறது. டெபியனின் பதிப்புப் பெயர்கள் 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பாத்திரங்களிலிருந்து எடுக்கப்படுபவை என்பதால், இக்கிளைக்கு அப்படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் சிறுவனான சிட்டின் பெயர் நிலைத்துவிட்டது. சில நாட்கள் அங்கே பயன்பட்டு, புதிய கடும்பிழை எதுவும் பதிவாகாதபோது பொதி சோதனைக் கிளைக்கு நகர்கிறது; ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை அக்கிளை உறையவைக்கப்பட்டு, எஞ்சிய கடும்பிழைகள் களையப்பட்ட பின் நிலைப் பதிப்பாக வெளியாகிறது. நிலைப் பதிப்பில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால், மென்பொருளின் புதிய பதிப்பைப் புகுத்தாமல் தேவையான திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் பொருத்துவதே பொது வழக்கம்.

இத்தனை ஒழுங்குகளுக்கும் நடுவே திருத்தமே பெரும் கேடாக முடிந்த நிகழ்வும் டெபியன் வரலாற்றில் உண்டு. இணையத் தொடர்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் நிரலகம், மதிப்பு எதுவும் இடப்படாத நினைவகப் பகுதியைப் படிக்கிறது என்று வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி எச்சரித்தது. அந்த எச்சரிக்கை குறித்துப் பதிவான முறையீட்டைத் தீர்ப்பதற்காக 2006இல் டெபியன் பொதியில் ஒரே தோற்றமுடைய இரு வரிகள் செயலற்றவை ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை நீக்கியதால் கேடில்லை. மற்றொன்றோ, இரகசியச் சாவிகளை உண்டாக்குவதற்கு வேண்டிய ஊகிக்க இயலாத தன்மையைச் சேர்க்கும் வழியாக இருந்தது. அது அடைபட்டபின், ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும் வரிசை எண் ஒன்றே வேறுபாட்டுக்கு ஆதாரமாக எஞ்சியமையால், குறிப்பிட்ட கணினி வகையிலும் சாவி நீளத்திலும் 32,767 சாவிகளே உருவாக முடிந்தது. அவ்வளவையும் முன்கூட்டியே உருவாக்கி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது சாதாரணக் கணினிக்கும் எளிய வேலை.

டெபியன் உருவாக்குநரான லூசியானோ பெல்லோ இதைக் கண்டறிந்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியாகும்வரை, மாற்றப்பட்ட வரிகள் எவரும் படிக்கத்தக்க நிலையிலேயே இருந்தன. பலர் பார்க்கக்கூடும் என்பது வேறு, தகுதியுள்ள ஒருவர் பார்த்தார் என்பது வேறு என்பதை அந்த இருபது மாதங்கள் காட்டின. நிரலைத் திருத்தியதோடு வேலை முடியவும் இல்லை. இடைக்காலத்தில் உருவான சாவிகள் உபுண்டு உள்ளிட்ட வழித்தோன்றல்களிலும் பரவியிருந்ததால், அவற்றைத் தேடி அழித்துப் புதியவை உருவாக்க வேண்டியிருந்தது.

2024இல் இதே வால்கிரைண்டின் எச்சரிக்கை வேறு முடிவைத் தந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், டெபியனின் நிலையற்ற கிளையில் தொலைநிலை உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதப்படுவதையும் வால்கிரைண்ட் பிழை காட்டுவதையும் கவனித்து, காரணத்தைத் தேடிச் சென்றபோது, எக்ஸ்ஸெட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒளித்துவைக்கப்பட்டிருந்த பின்கதவு, அதாவது கணினியைப் பிறர் கைப்பற்ற வழிசெய்யும் நிரல், அகப்பட்டது. மார்ச் 29 அன்று அவர் அதை வெளியிட்டபோது அப்பதிப்புகள் நிலையற்ற, சோதனைக் கிளைகளோடு நின்றிருந்தமையால் டெபியனின் நிலைப் பதிப்பு தப்பியது.

முதல் நிகழ்வில் எச்சரிக்கை ஓய்ந்ததே தீர்வாகக் கொள்ளப்பட்டது; இரண்டாவதில் எச்சரிக்கை ஏன் எழுந்தது என்பது இறுதிவரை துருவப்பட்டது. மூலநிரல் இரு முறையும் திறந்தே இருந்தது. திறந்த தன்மை தானாக எந்தப் பிழையையும் திருத்துவதில்லை. காரணத்தைத் தேடப் புகுபவருக்கு எந்தக் கதவும் அடைபடாதிருக்க அது வழிசெய்கிறது. பதிவேட்டில் ஒரு பிழையின் எண்ணுக்கு நேரே தீர்ந்தது என்று குறிப்பதற்குமுன், அறிகுறி மறைந்ததா காரணம் நீங்கியதா என்று கேட்கும் பொறுப்பு பராமரிப்பாளருக்கும், அவருடைய மாற்றத்தை எடுத்துப் பயன்படுத்தும் மற்ற இயங்குதளத்தார்க்கும் ஒருங்கே உரியது.