மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: அஞ்சவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்குமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தவுடன், பெரும்பாலான குடும்பத்தினர் எங்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். வலிக்குமா? கதிர்வீச்சால் தீங்கு நேருமா? உள்ளே மூச்சு முட்டுமா? இவற்றுக்கு எங்கள் விடை எளிது. ஸ்கேன் வலிப்பதில்லை. எக்ஸ்-ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் பயன்படும் ஊடுகதிர்கள் இதில் இல்லை. கருவியின் குழாய் இருபுறமும் திறந்தது. உள்ளே விளக்கும் காற்றோட்டமும் உண்டு.

ஆயினும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதைப் பலரும் கேட்பதில்லை: ‘உள்ளே செல்லும் முன் நாங்கள் உங்களிடம் எவற்றைச் சொல்ல வேண்டும்?’ உங்கள் பாதுகாப்பு பெரிதும் இதன் விடையைச் சார்ந்தது.

ஓயாத காந்தம்

நம் உடலின் பெரும்பகுதி நீர். அந்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்களை வலிமை மிக்க காந்தம் ஓர் ஒழுங்கிற்குக் கொண்டுவருகிறது. பின்னர் செலுத்தப்படும் ரேடியோ அலைகளுக்கு அவை தரும் மறுமொழியைக் கணினி படமாக மாற்றுகிறது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுடையது.

இக்காந்தம் இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும். திரவ ஹீலியத்தால் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்ட கம்பிச்சுருள்களில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றுவதால், மின்வெட்டு நேர்ந்தாலும் காந்தம் அடங்குவதில்லை. ஸ்கேன் முடிந்து கருவி அமைதியாக இருக்கும்போதும் ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி, சாவிக்கொத்து போன்ற இரும்புப் பொருள்களை அது இழுத்துவிடும். நோயாளிக்கு உதவும் எண்ணத்தில்கூட, எங்கள் அனுமதியின்றி உறவினர் அவ்வறைக்குள் நுழைதல் கூடாது.

மறைக்காமல் சொல்லுங்கள்

இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையின் ரத்தக்குழாயில் கிளிப், தலையில் ஷண்ட், காதில் காக்ளியர் கருவி, எலும்பில் தகடு, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் ஆகியவற்றுள் எது இருந்தாலும் முன்னதாகவே தெரிவியுங்கள். இவற்றுள் பலவற்றுடன் உரிய முன்னேற்பாடுகளோடு ஸ்கேன் எடுக்க இயலும். எனினும் அதை நாங்கள் முடிவு செய்யக் கருவியின் அட்டையோ, அறுவைச் சிகிச்சைக்குப் பின் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியோ தேவை.

லேத் பட்டறையிலோ வெல்டிங், கிரைண்டிங் வேலையிலோ இருந்தவர்கள், கண்ணில் இரும்புத்துகள் பட்டிருந்தால் அது பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாயினும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிய துகள் காந்தத்தால் நகர்ந்தால் பார்வையே பாதிக்கப்படலாம். ஸ்கேன் தள்ளிப்போய்விடுமோ என்று எண்ணிச் சிலர் இவற்றை மறைப்பதுண்டு. தள்ளிப்போன ஸ்கேனை மற்றொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். இழந்த பார்வையை மீட்பது அரிது. கருவுற்றிருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் அவ்வாறே தெரிவியுங்கள்.

தாலியும் பிற அணிகளும்

தோடு, மூக்குத்தி, மெட்டி, வெள்ளி அரைஞாண், தாயத்து, கொண்டை ஊசி, கழற்றக்கூடிய பல்செட், காது கேட்கும் கருவி அனைத்தையும் நீக்க வேண்டும். பொன்னைக் காந்தம் ஈர்ப்பதில்லை. எனினும் நகையில் கலந்துள்ள பிற உலோகங்களை முன்கூட்டி அறிய இயலாது. உலோகம் சூடேறக்கூடும்; முகத்தருகே இருந்தால் படத்தையும் சிதைக்கும்.

தாலியைக் கழற்றப் பெண்கள் தயங்குவதை நாங்கள் நன்கு அறிவோம். மஞ்சள் துண்டு கட்டிய மஞ்சள் கயிற்றை முதலில் அணிந்துகொண்டு, அதன் பிறகு தாலிச் சங்கிலியைக் கழற்றுவது பல இல்லங்களின் வழக்கம். உலோகம் இல்லாத அக்கயிற்றுடன் உள்ளே செல்லத் தடையில்லை. வீட்டிலிருந்தே அவ்வாறு ஆயத்தமாக வந்தால் கடைசி நேர மனவருத்தத்தைத் தவிர்க்கலாம்.

உள்ளே நிகழ்வது

மேசையில் மல்லாந்து படுத்ததும் தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற உறை ஒன்றைப் பொருத்துவோம். படம் தெளிவாக அமைய அது இன்றியமையாதது. காதுகளுக்கு அடைப்பான் தருவோம். சம்மட்டி அடிப்பது போலவும் துளையிடுவது போலவும் எழும் ஒலி அத்தனை உரத்தது. அவ்வொலி கருவி பழுதானதன் அறிகுறியன்று. காந்தப்புலத்தை விரைந்து மாற்றும் சுருள்கள் அதிர்வதால் எழுவது.

ஸ்கேன் முடியப் பொதுவாக 20 முதல் 45 நிமிடங்கள் ஆகும். படங்கள் சில நிமிடத் தொகுதிகளாக எடுக்கப்படுகின்றன. இயல்பாக மூச்சு விடலாம். தலையை மட்டும் அசைக்கக் கூடாது. அசைந்தால் அத்தொகுதியை மீண்டும் எடுக்க நேரும். உங்கள் கையில் ரப்பர் பந்து ஒன்று இருக்கும். அச்சமோ அசௌகரியமோ தோன்றினால் அதை அழுத்துங்கள். உடனே உங்களிடம் பேசுவோம், வேண்டுமாயின் வெளியே கொண்டுவருவோம். குழாய்க்குள் நுழையும் முன்பே கண்களை மூடிக்கொள்வது பலருக்கு உதவுகிறது.

சிலருக்குக் கடோலினியம் கலந்த மருந்தைக் கை நரம்பில் செலுத்துவோம். அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். மயக்க மருந்து தேவைப்படும் குழந்தைகளுக்கு, உணவை எப்போது நிறுத்துவதென முன்னரே கூறுவோம். மற்றவர்கள் பெரும்பாலும் உண்டுவிட்டே வரலாம். வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

முடிவுக்காகக் காத்திருக்கையில்

ஸ்கேன் எடுப்பவரின் முகக்குறிப்பைக் கொண்டு முடிவை ஊகிக்க முயல வேண்டாம். கூடுதலாகச் சில படங்கள் எடுத்தாலோ, இடையில் மருந்து செலுத்தினாலோ அதற்குத் தீய பொருள் கொள்ளவும் வேண்டாம். நூற்றுக்கணக்கான படங்களைக் கதிரியல் மருத்துவர் ஆராய்ந்து அறிக்கை எழுதுவார். அதிலுள்ள சொற்கள் சில அச்சமூட்டலாம். அவற்றுள் பல வயதிற்கேற்ற இயல்பான மாற்றங்களைக் குறிப்பவை. உங்களைப் பரிசோதித்த மருத்துவரே அவற்றின் பொருளை உரைக்க வல்லவர்.

வரும்போது பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் மாத்திரைச் சீட்டையும் உடன் கொண்டுவாருங்கள். மனத்தில் ஐயம் இருப்பின், அதனைக் கதவுக்கு வெளியிலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.