மெக்சிகோ சாப்பாடு, கராடி அடுப்பு

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. புனேயின் கராடியில், ஈயான் ஐ.டி. பார்க்கை ஒட்டிய அடுக்ககங்களின் வாசலில் டெலிவரி பைக்குகள் வந்தபடி இருக்கின்றன. வாரம் முழுக்கச் சாம்பார் சாதத்தையும் கேன்டீன் சப்பாத்தியையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்ட நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு பரிட்டோ வேண்டும், நாச்சோஸ் வேண்டும். பொட்டலத்தைப் பிரித்தால் மேலே உருகிய சீஸ், அதன்கீழ் புளிப்பு க்ரீம், அதற்கும் கீழே துழாவினால் நாலைந்து ராஜ்மா.

"மெக்சிகன் சாப்பாடு உடம்புக்கு ஆகாது" என்ற பேச்சு இந்தப் பொட்டலத்தைப் பார்த்து எழுந்ததுதான். மெக்சிகோவின் பழைய வீட்டுச் சமையல் வேறு. அதற்கு வேண்டியதில் பாதிக்குமேல் நம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது.

மூன்று பயிர், ஒரு தட்டு

சீஸைக் கொட்டிக் குவிக்கும் வழக்கம் பெரும்பாலும் அமெரிக்க எல்லைப்புறத்து 'டெக்ஸ்-மெக்ஸ்' பாணி. நாச்சோஸ்கூட 1940-களில் பியத்ராஸ் நெக்ராஸ் என்ற எல்லை ஊரில், இக்னாசியோ அனாயா என்பவர் அமெரிக்கப் பெண்கள் சிலருக்கு அவசரத்துக்குச் செய்துகொடுத்த தீனிதான். 'நாச்சோ' அவருடைய செல்லப்பெயர்.

பழைய சமையலின் அடிப்படை 'மில்பா' என்ற வயல். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்தே விதைப்பார்கள். சோளத் தட்டையைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸ் மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும். பூசணி இலை ஈரம் காயாமல் மண்ணை மூடிக்கொள்ளும். தட்டிலும் இதே கூட்டணி. சோளத்தில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலத்தை பீன்ஸ் தருகிறது, பீன்ஸில் குறைகிற மெத்தியோனினைச் சோளம் தருகிறது. இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்கிற அதே கணக்கு. மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, இந்த வயலையும் சேர்த்தே மதித்தது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

மெக்சிகோவில் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, கழுவி, பிறகுதான் அரைத்து டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியைச் சுடுவார்கள். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் இதனால் விடுபடுகிறது, கால்சியமும் ஏறுகிறது. சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளைத் தோல் வெடித்து, வயிறும் மனநிலையும் கெடும் 'பெலாக்ரா' வாட்டியது.

நம் கடைகளில் கிடைக்கும் மக்காச்சோள ரொட்டி மாவு சுண்ணாம்பு காணாதது. பலவகையாகச் சாப்பிடும் நமக்கு அதனால் பயமில்லை. ஆனால் அந்த மாவில் டோர்ட்டியா போல வளையும் ரொட்டி வராது. வெள்ளையாக விற்கும் கார்ன்ஃப்ளோர் வெறும் மாவுச்சத்து. அது இதற்கு ஆகவே ஆகாது.

கராடியில் கிடைப்பவை

டோர்ட்டியாவுக்குப் பதில் ஜோவார் பாக்ரி, அதாவது நம் வெள்ளைச்சோள ரொட்டி. ஆறினால் உடையும், கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே மடித்துவிட வேண்டும். பீன்ஸுக்கு ராஜ்மா. அல்லது சாத்தாரா மாவட்டம் கோரேகாவ் பக்கத்து வாக்யா கேவ்டா: புலிவரி ஓடும், புவிசார் குறியீடு பெற்ற பயறு. இரண்டுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்.

இனிப்புக்கு, மராட்டியர் விரத நாளில் சாப்பிடும் ராஜ்கிரா லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டுக்கீரை இனத்து விதையைப் பொரித்து வெல்லப்பாகில் பிடித்தது. மெக்சிகோவிலும் அதே வகை விதையைத் தேனிலோ பாகிலோ பிடித்து 'அலெக்ரியா' என்று விற்கிறார்கள். மகிழ்ச்சி என்று பொருள்.

வீட்டில் ஒரு தட்டு

ராஜ்மாவை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். மெல்லிய சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரம் இதற்குப் போதாது. வெந்ததைச் சீரகம், பூண்டு, ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்து மசித்துக்கொள்ளுங்கள்.

தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் சால்சா. க்ரீமுக்குப் பதில் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர். வதக்கிய பூசணியும் குடைமிளகாயும் தட்டில் பாதி இருக்கட்டும். அவகாடோ கிடைத்தால் கால் பழம் போதும்: நல்ல கொழுப்புதான், ஆனாலும் 100 கிராமில் சுமார் 160 கலோரி.

வெளியே வாங்கும்போது

பரிட்டோவின் பெரிய மைதா ரொட்டி மட்டுமே சுமார் 300 கலோரி. அதைத் தவிர்த்துக் கிண்ணமாகக் கேளுங்கள். சோறு பாதி, பீன்ஸ் இரட்டிப்பு, சால்சா தாராளம். சீஸ், க்ரீம் இரண்டில் ஒன்று போதும். நாச்சோஸை நாலு பேர் பகிருங்கள். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சிப்ஸும் சாஸும் சீஸும் சேர்ந்தால் அதில் பெரும்பங்கு ஒரே வேளையில் போய்விடும்.

கூடவே வரும் குளிர்பானத்தை விட்டுவிடுங்கள். பருமனோடும் சர்க்கரை நோயோடும் போராடும் மெக்சிகோ, 2014-இல் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி போட்டது. 2020 முதல் சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறது. அந்த முத்திரை பொட்டலத் தீனிக்குத்தான். பாட்டி சமைத்த பீன்ஸுக்கு அல்ல.

யார் கவனிக்க வேண்டும்?

சர்க்கரை உள்ளவர்கள் பீன்ஸையும் காயையும் முதலில் சாப்பிட்டு, ரொட்டியையோ சோற்றையோ பிறகு அளவாக எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு பீன்ஸிலும் அவகாடோவிலும் உள்ள பொட்டாசியம் சிக்கல் தரலாம். மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். நெஞ்செரிச்சல்காரர்கள் பின்னிரவில் மிளகாயைக் குறைப்பது நல்லது. பயறு பழகாத வயிறு உப்பும். கால் கிண்ணத்தில் தொடங்குங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் கிளம்பும்போது ஒரு கிண்ணம் ராஜ்மாவை ஊறப்போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு ராஜ்மாவைத் தேடிச் சீஸுக்கு அடியில் துழாவ வேண்டியிருக்காது.