புதிய தொட்டியில் மீன்கள் மடிவது ஏன்?

வீட்டில் புதிதாக மீன்தொட்டி வைப்பவர்களில் பலர் முதல் மாதத்திலேயே மீன்களை இழந்துவிடுகின்றனர். தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே இது நேர்வதால், பழி பெரும்பாலும் மீன் விற்ற கடைக்காரர் மீதே விழுகிறது.

ஆனால் பல சமயங்களில் உண்மைக் காரணம், தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி இன்னும் நிலைபெறாததுதான்.

மீன்கள் தமது செவுள்கள் வழியே ஓயாது அமோனியாவை வெளியேற்றுகின்றன. உண்ணாது எஞ்சிய இரை அழுகும்போதும் அது உருவாகிறது. குளத்தில் அது பெருநீரில் கலந்து நீர்த்துவிடும். 60 லிட்டர் தொட்டியிலோ அதற்குப் போக்கிடமில்லை.

அதனை அகற்றுபவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. 1890ஆம் ஆண்டையொட்டி இவற்றைத் தனித்துப் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. இரு படிகளுக்கும் இரு உயிரிகள் தேவை என்ற கருத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. இரண்டையும் தானே செய்யும் நைட்ரோஸ்பைரா பாக்டீரியா 2015இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கான மாதிரிகளுள் ஒன்று, மீன்வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்து கிடைத்தது என்பது சுவையான தகவல்.

இந்த பாக்டீரியாக்கள் மிக மெதுவாகவே பெருகுகின்றன. சாதாரண பாக்டீரியாக்கள் பல, அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே சுழற்சி நிலைபெற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவைப்படுகின்றன. குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும்.

பெரும் ஆபத்து நடுவில் வருகிறது. அமோனியா குறையத் தொடங்கியதும் தொட்டி தயார் என்று எண்ணி, மேலும் மீன்களை விடுகின்றனர். அவ்வேளையில் நைட்ரைட் உச்சத்தில் இருக்கும். அது இரத்தத்தில் புகுந்து, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் தடுக்கிறது. செவுள்கள் பழுப்பேறி, மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறும்.

மீன்களின்றியே சுழற்சியைத் தொடங்குவதே சிறந்தது. வாசனையோ சோப்போ கலவாத அமோனியாக் கரைசலை, லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் வரும்படி ஊற்றி, சோதனைக் கருவியால் அளந்து வரவேண்டும். ஊற்றிய அமோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் பூச்சியத்துக்கு வந்தால் தொட்டி தயார். சேர்ந்துள்ள நைட்ரேட்டைக் குறைக்க, நீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு மீன்களைச் சிறிது சிறிதாக விடலாம்.

புட்டிகளில் விற்கப்படும் பாக்டீரியாக்கள் எப்போதும் பலன் தருவதில்லை. நண்பர் ஒருவரின் நோயற்ற பழைய தொட்டியிலிருந்து எடுத்த வடிகட்டிப் பஞ்சு அவற்றினும் நம்பகமானது. அப்பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

ஏற்கனவே மீன்களை விட்டுவிட்டவர்கள் இரையைக் குறைத்து, அமோனியாவோ நைட்ரைட்டோ தென்படும் நாள்களில் கால்பங்கு நீரையேனும், குளோரின் நீக்கியபின், மாற்றிவர வேண்டும்.