உஷார்! சிம் கார்டை நம்பி நிற்கும் கட்டுப்பாட்டு வண்டி

‘நம்ம ஊருக்கு நடமாடும் கட்டுப்பாட்டு அறையே வந்தாச்சு, இனி மழைக்குப் பயமில்லை’ என்று தெம்பாக இருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வண்டிக்குள் வரிசையாகத் திரைகள், கூரையில் சுழலும் கேமரா, பின்னால் ஜெனரேட்டர்... வெயில் நாளில் எல்லாம் ஜோராக ஓடும். வெள்ளத்தன்று ஓடுமா?

முதல் கண்டம், வண்டி இணைப்புக்கு நம்பியிருக்கும் சிம் கார்டு. 2015 டிசம்பரில் சென்னை மிதந்தபோது கரண்ட் போனது. பின்னாலேயே செல்போன் சிக்னலும் போனது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்ததும் மின்கம்பங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன; டெல்டா கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. செயற்கைக்கோள் இணைப்பும் வயர்லெஸும் இல்லாத வண்டி, அப்படிப்பட்ட நாளில் வெறும் வேன்!

இரண்டாவது கண்டம், ஆளுக்கொரு அலைவரிசை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், விமானம் மோதிய உலக வர்த்தக மையக் கோபுரம் விழப்போகிறது என்று போலீஸ் ஹெலிகாப்டர் எச்சரித்தது. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸில் அது கேட்கவில்லை. அன்று உயிர்விட்ட தீயணைப்புத் துறையினர் 343 பேர். இங்கேயும் போலீஸ், தீயணைப்பு, வருவாய்த் துறை, மின்வாரியம், 108 ஆம்புலன்ஸ் எல்லோரும் ஒரே வண்டியில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. வெளியே தண்ணீரில் நிற்கும் அவர்களுடைய ஆட்களுக்கும் ஒரே செய்தி போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது கண்டம், நிறுத்தும் இடம். பள்ளமான அலுவலக வளாகத்திலோ, சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கமோ வண்டி நின்றால், மீட்க வந்தவர்களையே முதலில் மீட்க வேண்டி வரும்!

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்குள் வார்டு கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: டீசல் எத்தனை நாளுக்கு இருக்கிறது? மாற்று டிரைவர் யார்? வண்டி ஏறி நிற்க மேடான இடம் எது? தாளில் அச்சிட்ட வரைபடம் உள்ளே இருக்கிறதா? கூடவே, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077 இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

முக்கியமாக, ஒரு ராத்திரி ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். வந்தவர்களின் செல்போன்களை எல்லாம் அணைத்துவிட்டு, வண்டியின் சிம்மையும் கழற்றிவிட்டு நடத்தச் சொல்லுங்கள். தடுமாறினால் தடுமாறட்டும், சரிசெய்ய அப்போது நாள் இருக்கும்.